மூன்று மீட்டர் ஏரியும் பத்து குதிரைசக்தி மோட்டாரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூர் வட்டார ஏரிகளில் மீன்பிடிப்பு பெரும்பாலும் பரிசலிலும் தெர்மகோல் மிதவையிலும்தான் நடக்கிறது. கோடையில் இடுப்பளவு நீரில் இறங்கி வலை இழுப்பார்கள். மோட்டார் வருவது குத்தகைதாரர் மாறும்போது. கடலோரத்திலிருந்து பழைய ஃபைபர் படகு ஒன்று மினி லாரியில் வந்து இறங்கும். பின்னால் 9.9 குதிரைசக்தி அவுட்போர்டு மோட்டார் தொங்கும். இரண்டு மாதம் போனால் மூன்று பக்கமிருந்தும் புகார் கிளம்பும். கரை அரிக்கிறது, மதகில் சேறு அடைக்கிறது என்பார்கள் ஏரிநீரில் பயிரிடும் ஆயக்கட்டு விவசாயிகள். தங்கூசி (தூண்டில் நரம்பு) அறுகிறது என்பார்கள் தூண்டில் போடுகிறவர்கள். மீன் ஒதுங்கிவிட்டது என்று குத்தகைதாரரின் சொந்த வலைக்காரர்களே சொல்வார்கள். அப்புறம் யாராவது "மோட்டாரே கூடாது" என்று ஒரு தீர்மானம் எழுதுவார்கள். குத்தகைதாரர் ஏலத் தொகையைத் திருப்பிக் கேட்பார். அதோடு பேச்சு நின்றுவிடும்.

இந்தச் சிக்கலை ஒரு மாதிரி ஏரியை வைத்து இங்கே பிரித்துப் பார்க்கிறோம். ஏரிக்குப் பெயர் இல்லை. குடியாத்தம், அணைக்கட்டு, காட்பாடிப் பக்கம் காணப்படும் நடுத்தர ஏரிகளின் பொதுவான அமைப்பை எடுத்துக்கொண்டு, கணக்குப் போட வசதியான அளவுகளைக் கொடுத்திருக்கிறோம். உங்கள் ஏரியின் அளவுகளைப் போட்டால் உங்களுக்கான விடை வரும்.

ஏரியின் கணக்கு

ஆயக்கட்டு 95 ஹெக்டேர். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரி நீர்வளத் துறையின் பொறுப்பு, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம் என்பதால் இது நீர்வளத் துறை ஏரி. கரை, அதாவது நீரை மறித்துக் கட்டிய மேடு, 1,600 மீட்டர் நீளம். நிரம்பிக் கோடி போகும் (உபரிநீர் வழியும்) நாளில் நீர்ப்பரப்பு 48 ஹெக்டேர், மதகு அளவுகோலில் (மதகில் நீர்மட்டம் காட்டும் கோடுகளில்) ஆழம் 3.0 மீட்டர், சராசரி ஆழம் 1.4 மீட்டர். கொள்ளளவு ஏறக்குறைய 24 மில்லியன் கனஅடி.

48 ஹெக்டேரை 1,600 மீட்டரால் வகுத்தால் அகலம் 300 மீட்டர். கரையோரம் 3 மீட்டராக இருக்கும் ஆழம் எதிர்ப்பக்கம் பூஜ்ஜியமாக வேண்டும். ஆக, கரையை விட்டு விலகும் ஒவ்வொரு மீட்டருக்கும் தரை சுமார் 1 சென்டிமீட்டர் உயர்கிறது. இந்த ஒரு எண்ணில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

இயற்கை ஏரியில் ஆழம் நடுவில். நம் ஏரி சரிவை மறித்துக் கட்டியது, ஆழம் கரையை ஒட்டியே இருக்கும். மோட்டாருக்கு ஆழம் வேண்டுமென்றால் படகு கரைப்பக்கம் வரவேண்டும். கரை பிழைக்கவேண்டுமென்றால் படகு விலகி ஓடவேண்டும். இந்த இரண்டு தேவையும் ஒன்றை ஒன்று இடிக்கும். வெளிநாட்டு விதியை அப்படியே பெயர்த்து இங்கே ஒட்டினால் நிற்காததற்கு முதல் காரணம் இது.

பத்து குதிரைசக்தி என்ற வரம்பு எங்கிருந்து வந்தது

அமெரிக்காவில் சிறிய பொது மீன்பிடி ஏரிகளுக்கு மோட்டார் கட்டுப்பாடு வெகுகாலமாக உண்டு. பென்சில்வேனியாவில் பல ஏரிகளில் மின் மோட்டார் மட்டும்தான். ஒஹாயோவில் சில ஏரிகளுக்கு 10 குதிரைசக்தி உச்சவரம்பு. கம்பெனிகள் 9.9 என்ற விசித்திர எண்ணில் மோட்டார் விற்பதற்கும் இந்த வரம்புக்கும் தொடர்பு உண்டு. வரம்புக்குள் நுழைய ஒரு புள்ளி குறைத்துக்கொண்டார்கள். பல மாடல்களில் 9.9-க்கும் 15-க்கும் சிலிண்டர் பிளாக் ஒன்றே. கார்புரேட்டரோ, ரீட் வால்வோ, திராட்டில் தடுப்போ மட்டும்தான் மாறும். மேல்மூடியில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்துச் சோதனை செய்தால், ஸ்டிக்கர் மாற்றத் தெரிந்தவர் தப்பிவிடுவார்.

அதைவிடப் பெரிய கோளாறு, 10 குதிரைசக்தி என்பது நம் வேலைக்கு மிக மோசமான அளவு. நீரைத் தொடும் நீளம் (நீர்க்கோடு) 4 மீட்டர் உள்ள படகு தன் அலையோடு போட்டி போடாமல் ஓடக்கூடிய உச்ச வேகம் மணிக்கு சுமார் 9 கிலோமீட்டர் (நீளத்தின் வர்க்கமூலத்தை 4.5-ஆல் பெருக்கவேண்டும்). அதைத் தாண்டினால் பின்பக்கம் அமிழ்ந்து, மூக்கு தூக்கி, படகு தான் எழுப்பிய அலைமேலேயே ஏற முயலும். காலிப் படகில் ஒருவர் மட்டும் இருந்தால் 10 குதிரைசக்தி அந்த மேட்டைத் தாண்டி நீர்மேல் வழுக்கிப் போகவைக்கும். மூன்று ஆள், ஈரவலை, 150 கிலோ மீன் என்று ஏற்றினால் தாண்டாது. திராட்டிலை முழுக்கத் திருகியும் மேட்டிலேயே நின்று உழுதுகொண்டு போகும். அலை அதிகபட்சம் எழுவது அந்த நிலையில்தான். ஆழம் குறைந்தால் இன்னும் மோசம். 1 மீட்டர் நீரில் அலையின் சொந்த வேகமே மணிக்கு 11 கிலோமீட்டர்தான், படகு அதை நெருங்க நெருங்க அலை குவியும்.

அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 10 சென்டிமீட்டர் அலை 20 ஆனால் கரைமேல் விழும் அடி நான்கு மடங்கு. காற்றலையும் கரையை அடிக்கிறதே என்று கேட்கலாம். காவேரிப்பாக்கம் மாதிரி பெரிய ஏரியில் அந்தக் கேள்வி நியாயம். சுமார் 30 அடி ஆழமும் பரந்த நீர்வெளியுமுள்ள அங்கே காற்று எழுப்பும் அலைக்கு முன்னால் ஒரு மீன்படகின் அலை ஒன்றுமில்லை. 300 மீட்டர் அகல ஏரியில் காற்றுக்கு ஓட இடமில்லை, பெரிய அலை படகிலிருந்துதான் வருகிறது. அதுவும் தினம் விடியற்காலை ஒரே நீர்மட்டத்தில் ஒரே கோட்டில் அடிக்கும். கல் பதிப்பு சரிந்த இடங்களில் ஒரு சாண் உயரப் படி விழும். நண்டுவளையும் எலிவளையும் அந்தப் படியில்தான் திறந்துகொள்ளும்.

சேறு எப்படிக் கிளம்புகிறது

புரொப்பெல்லர் தள்ளும் நீர் நேர்பின்னால் மட்டும் போவதில்லை, விரிந்து கீழேயும் இறங்கும். ஃப்ளோரிடாவின் ஆழமற்ற ஏரிகளில் 1970-களில் எடுத்த அளவீடுகளின்படி 10 குதிரைசக்தி மோட்டாரின் கலக்கல் சுமார் 1.8 மீட்டர் ஆழம் வரையும், 50 குதிரைசக்தியுடையது சுமார் 4.5 மீட்டர் வரையும் எட்டுகிறது. நம் ஏரித்தரை மெல்லிய வண்டல் களி. ஒருமுறை கிளம்பினால் அன்று மாலைவரை அடங்காது.

இந்த 1.8 மீட்டரை ஏரியின் சரிவில் வைத்துப் பாருங்கள். ஏரி நிரம்பி 3.0 மீட்டர் இருக்கும்போது, கரையிலிருந்து 120 மீட்டர் தூரம் வரைதான் 1.8 மீட்டருக்கு மேல் ஆழம். கரைக்கு 30 மீட்டர் ஒதுக்கினால் மிச்சம் 90 மீட்டர் பட்டை. அளவுகோல் 2.5-க்கு இறங்கினால் 40 மீட்டர் பட்டை. 2.1-க்கு இறங்கினால் 1.8 மீட்டர் ஆழக்கோடு கரையிலிருந்து 30 மீட்டரில் வந்து நிற்கும், பட்டை பூஜ்ஜியம். நம் பக்கத்து ஏரிகள் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் நிரம்பும். மதகு திறந்ததும் இறங்க ஆரம்பிக்கும். ஆக 10 குதிரைசக்தி மோட்டார் சேறு கிளப்பாமல் ஓட வருடத்தில் சில வாரங்களே கிடைக்கும். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்த மாதிரி ஆண்டுகளில் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

சேற்றால் மீனுக்கு என்ன? கட்லா மேல்நீரில் விலங்கு மிதவையுயிரிகளைத் தின்று வளர்வது. வெள்ளிக்கெண்டைக்குப் பாசி மிதவை. களி கலங்கினால் வெளிச்சம் இறங்காது, மிதவை குறையும், மீன் எடை ஏறாது. கட்லாவும் ரோகுவும் தேங்கிய ஏரிநீரில் குஞ்சு பொரிப்பதில்லை, விட்ட குஞ்சுதான் கணக்கு. விராலும் ஜிலேபியும் இங்கேயே பெருகுபவை. விரால் ஓரத்துப் புல்லுக்குள் கூடு கட்டிக் குஞ்சைக் காக்கும், ஜிலேபி ஓரத் தரையில் குழி பறிக்கும். மோட்டார் படகு எதிர்ப்பக்க ஆழமற்ற நீருக்குள் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டும் கலையும்.

வயலுக்கு வண்டல் நல்லதுதானே என்று ஒரு வாதம் வரும். வண்டல் வயலுக்குப் போனால் நல்லதுதான். கிளம்பிய களி மதகின் முன்குழியிலும் வாய்க்காலின் முதல் நூறு மீட்டரிலும் படிந்துவிடும். தூர் வாருகிறவருக்குத்தான் வேலை கூடும்.

சேறு மோட்டாரால்தானா என்று சண்டை போடுவதைவிட அளந்துவிடலாம். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள எவர்சில்வர் தட்டை நான்கு கால்வாசியாகப் பிரித்து, எதிரெதிர்க் கால்வாசிகளுக்குக் கறுப்பும் வெள்ளையும் அடியுங்கள். நடுவில் துளையிட்டு, 5 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் கட்டி, அடியில் எடைக்கல் தொங்கவிடுங்கள். நிழல் பக்கமாக இறக்கி, தட்டு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். படகு ஓடுவதற்கு முன் மூன்று இடம், ஓடி அரைமணி கழித்து அதே மூன்று இடம். நீர் பச்சையாக இருந்து தட்டு 30, 40 சென்டிமீட்டரில் மறைந்தால் அது மிதவைப் பாசி, கவலை இல்லை. பழுப்பாக மாறி 15-க்கு வந்துவிட்டால் அது களி. ஒரு வாரம் ஓட்டியும் ஒரு வாரம் நிறுத்தியும் எழுதிய நோட்டு கூட்டத்தில் பேசும்.

எண்ணெய்

பழைய கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக்கில் கலவை உள்ளே வரும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் கணம் ஒன்று உண்டு. அந்தக் கணத்தில் புதுக் கலவை எரியாமலே வெளியே போய்விடும். போட்ட எரிபொருளில் கால்பங்கு வரை இப்படிப் போகும், மெதுவாக ஓட்டும்போது இன்னும் கூடும். மணிக்கு 2 லிட்டர் குடித்தால் அரை லிட்டர் வரை ஏரியில். லிட்டருக்கு 20 மில்லி ஆயில் என்பது 50-க்கு 1 கலவை. புகை வருமோ, பிடித்துக்கொள்ளுமோ என்று பயந்து 40 மில்லி ஊற்றுகிறவர்கள் அதிகம், அந்த மிகுதியும் நீரில்தான். ஃபோர் ஸ்ட்ரோக் இந்தக் குறையைத் தீர்க்கும். அலையும் சேறும் அப்படியேதான் இருக்கும்.

'மின்' என்ற சொல்லிலும் மந்திரம் இல்லை. பெரிய மின் மோட்டார் அதே சேற்றைச் சத்தமில்லாமல் கிளப்பும். அதனால் விதியில் உந்துவிசைக்கும் எண் வேண்டும். 12 வோல்ட்டில் ஓடும் 55 பவுண்டு மோட்டார், அதாவது சுமார் 25 கிலோ தள்ளும் விசை, 4 மீட்டர் படகுக்குப் போதும்.

விதியை எதில் கட்டுவது

எங்கள் முடிவு இது: குதிரைசக்தியில் கட்டாதீர்கள், மதகு அளவுகோலில் கட்டுங்கள்.

55 பவுண்டு மின் மோட்டாரின் புரொப்பெல்லர் நீர்மட்டத்துக்குக் கீழே 40, 45 சென்டிமீட்டரில் சுற்றும். அதற்குக் கீழே அரை மீட்டருக்கு மேல் நீர் இருக்க, 1 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். கரை ஒதுக்கம் அதே 30 மீட்டர். அளவுகோல் 2.1-இல் 10 குதிரைசக்திக்கு இடமே இல்லாதபோது, இதற்கு 80 மீட்டர் பட்டை கிடைக்கிறது. அளவுகோல் 1.3-இல் இதற்கும் பட்டை முடிகிறது. அதற்குக் கீழே துடுப்புதான்.

குத்தகை நிபந்தனையில் எழுதவேண்டிய வாசகம் இப்படி அமையலாம்: "மதகு அளவுகோலில் நீர்மட்டம் 1.3 மீட்டரும் அதற்கு மேலும் இருக்கும் நாட்களில் மட்டும், 12 வோல்ட், 55 பவுண்டுக்கு மிகாத மின் மோட்டார் படகுக்கு ஒன்று பொருத்திய இரண்டு படகுகள் ஓட்டலாம். கரையிலிருந்து 30 மீட்டரில் போட்ட மிதவைக் கோட்டுக்கும் கரைக்கும் இடையில் மோட்டார் ஓடக்கூடாது, துடுப்பு மட்டும். வேகம் மணிக்கு 5.5 கிலோமீட்டருக்கு மிகாது. பெட்ரோல், மண்ணெண்ணெய் மோட்டார் எதுவும் ஏரியில் இறங்கக்கூடாது. வெள்ளம், ஆள் மீட்பு ஆகியவற்றுக்கு அரசு அனுப்பும் படகுகளுக்கு இது பொருந்தாது."

30 மீட்டர் ஒதுக்கத்தைப் பற்றி ஒரு தெளிவு. அந்தத் தூரம் அலையைத் தணித்துவிடாது. அலையைத் தணிப்பது வேகக் கட்டுப்பாடு. ஒதுக்கம் வைப்பது மதகுக்கும் தூண்டில்காரர்களுக்கும். கரையிலிருந்து தங்கூசி விழும் தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

மிதவைக் கோட்டுக்குப் பழைய 20 லிட்டர் கேன் போதும். 100 மீட்டருக்கு ஒன்று என்றால் 1,600 மீட்டர் கரைக்கு 17 கேன். ஒவ்வொன்றுக்கும் 3.5 மீட்டர் நைலான் கயிறு, 15 முதல் 20 கிலோ மணல் மூட்டை. மூடியை இறுக்கி, கழுத்தில் துணி சுற்றுங்கள். வெயிலில் மூடி விரிந்தால் கேன் நீர் குடித்து மூழ்கும்.

வேகத்தைப் பிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கரையில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு கல் நட்டு வெள்ளையடியுங்கள். படகு முதல் கல்லுக்கு நேராக வரும்போது கைபேசியில் விநாடி ஓடவிடுங்கள். 33 விநாடிக்குள் இரண்டாவது கல்லைத் தாண்டினால் வேகம் அதிகம். கல்கூட வேண்டாமென்றால், விறுவிறுவென்று நடப்பவர் படகோடு கூடவே வர முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

வலைக்காரருக்கு இது கட்டுமா

கட்டும். 600 மீட்டர் கண்ணி வலையை விடியலில் தூக்க, போய்வர, திரும்ப விரிக்க மொத்தம் 2.5 கிலோமீட்டர் ஓட்டம். மணிக்கு 5 கிலோமீட்டரில் அரை மணி நேரம். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,200 வாட்-மணி இருக்கிறது. ஈயப் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுக்கக்கூடாது, ஆக 600. முழுத் திருகில் மோட்டார் 50 ஆம்பியர் இழுக்கும், ஒரு மணி நேரம்கூட முழுதாக நிற்காது. பாதித் திருகில் 12 முதல் 15 ஆம்பியர், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும். வேலூர் மீன் மார்க்கெட்டுக்குக் கூடை போய்ச்சேர வேண்டிய நேரத்தில் பத்து நிமிடம்தான் வித்தியாசம்.

கோளாறு வருவது பெரும்பாலும் வயரில். வீட்டு வேலைக்கு வாங்கிய 4 சதுர மில்லிமீட்டர் வயரை மாட்டுவார்கள். பேட்டரி நடுவில், மோட்டார் பின்னால், போய்வர 4 மீட்டர் செம்பு. 4 சதுர மில்லிமீட்டரில் 50 ஆம்பியர் ஓடினால் கிட்டத்தட்ட 0.9 வோல்ட் வயரிலேயே போய்விடும், வயர் சுடும், மோட்டார் திணறும். "மின் மோட்டாருக்கு இழுவை இல்லை" என்ற பேச்சு பிறப்பது இங்கேதான். 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட். முனைக்கு கிரிம்ப் செய்த செம்பு லக். முதலைக் கிளிப் வேண்டாம், ஈரத்தில் பச்சை பூத்துச் சூடேறும். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 60 ஆம்பியர் பிரேக்கர் கட்டாயம். வலை சுற்றிப் புரொப்பெல்லர் நின்றுவிட்டால் மின்னோட்டம் எகிறும், பிரேக்கர் இல்லாத இடத்தில் மோட்டாரே ஃபியூஸ்.

வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியைப் படகில் ஏற்றுவதும் உண்டு. 50 கிலோவைத் தாண்டும். அதைக் கொண்டுபோய்ப் படகின் கடைசியில் வைத்தால் மோட்டார், ஓட்டுகிறவர், பேட்டரி மூன்றும் ஒரே பக்கம், பின்பக்கம் அமிழ்ந்து மெதுவாகப் போனாலும் அலை எழும். பேட்டரியை நடுப்பலகைக்குக் கீழே கட்டுங்கள். மூடிய பெட்டி என்றால் மேல்பக்கம் இரண்டு துளை வேண்டும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேற. இறங்கிய பேட்டரியை ராத்திரி முழுக்க அப்படியே விட்டால் தட்டில் சல்பேட் படியும், ஆறு மாதத்தில் பேட்டரி பாதி. லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் 100 ஆம்பியர்-மணி 12 கிலோ அளவில் முடிந்துவிடும், முதல் செலவு மட்டும் கூட.

பரிசலில் மோட்டார் மாட்டலாமா என்று கேட்பார்கள். வட்டப் பரிசலுக்கு அடிக்கட்டை இல்லை. மோட்டார் தள்ளினால் நேராகப் போகாது, சுற்றும். பரிசலைத் துடுப்போடு விட்டுவிடுங்கள்.

புரொப்பெல்லருக்கு இரண்டு எதிரி. ஒன்று ஆகாயத்தாமரை. அது சுற்றினால் சத்தம் மாறும், நிறுத்திப் பின்பக்கமாக ஒருமுறை சுற்றவிட்டால் பெரும்பாலும் கழன்றுவிடும். இன்னொன்று தங்கூசி, இதுதான் ஆபத்து. புரொப்பெல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றி, சூட்டில் உருகி, ஆயில் சீலை அறுக்கும். நீர் உள்ளே இறங்கும்வரை தெரியாது. வாரம் ஒருமுறை நட்டைக் கழற்றி, புரொப்பெல்லரை எடுத்து, தண்டைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். ஏரிக்குள் சமூகக் காடாக வைத்து வெட்டிய கருவேல மரங்களின் கட்டைகள் நீருக்கடியில் நிற்கும். வண்டல் எடுத்த குழிகளின் விளிம்பும் அப்படித்தான், 2 மீட்டரிலிருந்து சட்டென்று அரை மீட்டருக்கு ஏறும். இடித்தால் ஷியர் பின் முறிந்து மோட்டாரைக் காப்பாற்றும். மாற்று பின் இரண்டு, நட்டு ஒன்று, ஸ்பானர் ஒன்று எப்போதும் படகில் இருக்கட்டும். பின் இல்லை என்று ஆணியை வெட்டிச் செருகினால், அடுத்த முறை முறிவது தண்டு. ஏரி வற்றிய கோடையில் கட்டைகளையும் குழிகளையும் நடந்து பார்த்துக் குறித்துவைப்பது இதற்கெல்லாம் மலிவான மருந்து.

எப்போது எழுதுவது

மீன்பாசி குத்தகை (ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை) பெரும்பாலும் பசலி ஆண்டுக் கணக்கில் போகும், ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. நிபந்தனை ஏல அறிவிப்பிலேயே இருக்கவேண்டும். ஏலம் முடிந்து ஆறு மாதம் கழித்துத் தடை போட்டால் குத்தகைதாரர் கேட்பதில் தப்பில்லை. மோட்டார் ஓடும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தத் தொகை கேட்டிருப்பார். மே மாதமே ஆயக்கட்டுதாரர்கள், வலைக்காரர்கள் இருதரப்பும் அளவுகோலுக்கு முன்னால் நின்று எண்களை ஒத்துக்கொண்டு, குத்தகை விடும் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுப்பது நல்லது. இயந்திர விசையில் ஓடும் கலங்களுக்குப் பதிவும் தகுதிச் சான்றும் கேட்கும் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021-இல் வந்துவிட்டதால், படகுக்கு என்ன காகிதம் வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

ஒரு விஷயம் பாக்கி. இத்தனையும் நிற்பது மதகு அளவுகோலில். பல ஏரிகளில் அது அழிந்தோ, உடைந்தோ, பாசி ஏறியோ கிடக்கும். ஏரி வற்றியிருக்கும்போதே கம்பியால் தேய்த்துக் கழுவி, 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு எனாமல் அடியுங்கள். 1.3-க்கு மட்டும் சிவப்பில் ஒரு முழக் கோடு. கரைமேலிருந்து பார்த்தால் கண்ணில் படவேண்டும். சிவப்புக் கோடு வெளியே தெரிந்தால் மோட்டார் கரையேறும். அதற்கு அலுவலரும் வேண்டாம், கூட்டமும் வேண்டாம், மாடு மேய்க்கிற பையனே சொல்லிவிடுவான்.